இடதுக்கு ஒரு பொட்டு

காரின் பின் அச்சை வீட்டிலேயே பிரித்து மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தது மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவள்தான், அந்த வீட்டு மகள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனை பேச்சிலும் இந்த ஒரு விஷயம் மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

வண்டி பழையது. பின் சக்கரங்கள் உந்தி ஓடுகிற ரகம். அப்பா என்று ஒருவர் அந்த வீட்டில் இருந்ததற்கு மிச்சம் அதுதான். அவர் போன பிறகு அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டு, பதினான்கு வருடமாக அதையே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். தெருமுனையில் சவாரிக்கு நிற்பதில்லை. நிரந்தரமாக மூன்று பேர். மூன்று பேருக்கும் சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்துவிட்டு வர வேண்டும். ஏற்றிக்கொண்டு போவது, வராந்தாவில் காத்திருப்பது, துவண்டுபோய் வருகிறவர்களைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கொண்டுவிடுவது எல்லாம் அம்மாதான். "டிரைவரம்மா" என்று கூப்பிடுவார்கள். அந்த மூவரில் ரிட்டயரான வாத்தியாரம்மா மட்டும் தனிக்கட்டை. அவர் வீட்டுச் சாவி ஒன்று அம்மாவின் கொத்திலேயே கிடக்கும்.

வாத்தியாரம்மாவை மகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பார்க்கிற போதெல்லாம் "வேலை கிடைச்சுதாம்மா?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். அதுதான் எரிச்சலாக இருக்கும்.

அந்த வருடம் மழை தொடங்கியபோது வண்டியின் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தது. மிதித்தால் ஊளை. காலை எடுத்தால் கரகரப்பு. நோயாளிகள் காதில் விழாமல் இருக்க அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்து ஒரு மாதம் ஓட்டினாள். கடைசியில் மாமா வந்து வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சின் நடுவில் தொப்பை மாதிரிப் புடைத்திருக்கிற உருண்டையின் அடிப் போல்ட்டைக் கழற்றி, வழிந்த எண்ணெயை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். கறுப்பு எண்ணெயில் வெள்ளிப் பொடி மின்னியது. அதற்குள் அரிசி அளவில் ஒரு இரும்புத் துணுக்கு.

"கிரவுனும் பினியனும் போச்சுக்கா. ரெண்டையும் ஜோடியாத்தான் மாத்தணும்."

பினியன் என்பது இன்ஜினிலிருந்து வருகிற தண்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம். கிரவுன், அதன் பல்லோடு பல் கடித்துச் சுற்றி, வேகத்தைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெரிய சக்கரம். இரண்டும் பிறக்கும்போதே ஜோடியாகப் பிறந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் குடித்தனம் நடக்காது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இருபத்தாறு வருடமாக ஒரே வொர்க்‌ஷாப். அங்கே கியர்பாக்ஸும் அச்சும் அவர் சொத்து மாதிரி, வேறு யாரும் தொட மாட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வொர்க்‌ஷாப்புக்குப் பின்னாலேயே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில். அதிகம் பேச மாட்டார். இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டாமல் வைத்திருப்பார். கறுத்து, தடித்து, கரண்டி முனை மாதிரி இருக்கும் அது. அளவுகோலில் தெரியாத மேடு பள்ளம் அந்த நகத்துக்குத் தெரியும் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்லுவார்கள். சின்ன வயதில் அந்த நகத்தைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வொர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டால் நாலு நாள் ஆகும் என்றார் முதலாளி. லிஃப்டில் வேறு வண்டிகள் வரிசையில் நின்றன. நாலு நாள் என்றால் இரண்டு தடவை மெஷின் தவறிப்போகும், அவர்களை யார் கூட்டிப்போவது என்று அம்மா கையைப் பிசைந்தாள். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"எதுக்கு வொர்க்‌ஷாப்? சனி ஞாயிறுல வீட்டு முத்தத்துலயே முடிச்சுடலாம். மாமா இருக்காரு, நான் இருக்கேன்."

மாமா தலையைச் சொறிந்தார். "வீட்ல தரை சரியில்லையே பாப்பா."

"கியருக்கும் தரைக்கும் என்ன மாமா சம்பந்தம்? தூக்கி ஸ்டாண்டுல நிறுத்திட்டா எல்லாத் தரையும் தரைதான்."

அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த மகள். அந்த வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி, தினமும் தூசி தட்டுவாள் அம்மா. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பதினைந்து மாதமாக வேலை இல்லாத ஒருத்தி இருப்பதைப் பற்றி அம்மா பேசுவதில்லை.

ஒரு இன்டர்வியூவில் அவளிடம், டிஃபரன்ஷியல் என்கிற அந்த அச்சு உருண்டையைப் பிரித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். "வரைஞ்சிருக்கேன்" என்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை எவனாவது கேட்டால் பிரித்திருக்கிறேன், பூட்டியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வாத்தியாரம்மாவின் மெஷினெல்லாம் அம்மாவின் கவலை. அவள் கவலை அந்தச் சிரிப்புதான்.

சனிக்கிழமை காலையில் மாமா தள்ளுவண்டியில் சாமான்களோடு வந்தார். ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, கடப்பாரை, ஸ்பேனர் பெட்டி, பழைய மருந்து டப்பாவில் நீலப் பசை. முன் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியதும் அவள் உள்ளே போய் அச்சடித்துக் கொண்டுவந்த கம்பெனிக் கையேட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். மாமா அதை மரியாதையோடு பார்த்தார். பிறகு படுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

எண்ணெயை வடித்து, பின் மூடியைத் திறந்து, இரண்டு பக்கத்து ஆக்சில் தண்டுகளையும் உருவினார்கள். உள்ளே கிரவுன் தெரிந்தது. அதை இரண்டு பக்கமும் இரண்டு பேரிங் தாங்குகிறது. ஒவ்வொரு பேரிங்கையும் அரைவட்டமான ஒரு கனத்த இரும்புக் கேப் மேலே இருந்து கவ்விப் பிடித்திருக்கிறது. இடது ஒன்று, வலது ஒன்று. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராது. அச்சோடு சேர்த்துப் பூட்டி வைத்துத்தான் தொழிற்சாலையில் அந்த வட்டத்தைக் கடைந்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் முடியளவு பிசகும். அந்த முடியளவு பேரிங்கின் கழுத்தை நெரிக்கும்.

இது அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறாள்.

மாமா சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை உளியையும் சுத்தியலையும் எடுத்தார். "கழட்டுறதுக்கு முன்னாடி பொட்டு வச்சுடுறேன். இடதுக்கு ஒரு பொட்டு, வலதுக்கு ரெண்டு பொட்டு."

அவருடைய வழக்கம் அது. உளி முனையால் கேப்பில் ஒரு குத்து, அதை ஒட்டி அச்சில் ஒரு குத்து. எத்தனை வருடம் எண்ணெயில் ஊறினாலும் அழியாது. அவர் கைபட்ட வண்டியை எங்கே திறந்தாலும் அந்தப் பொட்டைப் பார்த்து, இது இன்னார் வேலை என்று சொல்லிவிடுவார்களாம்.

"வேணாம் மாமா," என்றாள் அவள். "இது வார்ப்பு இரும்பு. உளியால குத்துனா அங்க இருந்து கிராக் ஓடும். காலேஜ்ல படிச்சிருக்கேன்."

மாமா சுத்தியலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷமா குத்திக்கிட்டுத்தான் இருக்கேன் பாப்பா."

"இத்தனை வருஷமா ஓடலைன்னா இனிமேலும் ஓடாதுன்னு அர்த்தமா? என்கிட்ட பெர்மனென்ட் மார்க்கர் இருக்கு, அழியாது."

வாசலில் டீயோடு நின்ற அம்மா, "அவ சொல்றதைக் கேளேன்டா, சும்மாவா படிச்சா?" என்றாள். மாமா உளியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவள் கேப் இரண்டிலும் எண்ணெயைத் துடைத்து, ஒன்றில் இடது என்றும் ஒன்றில் வலது என்றும் அழகான கையெழுத்தில் எழுதினாள். கீழே ஒரு கோடும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் புது பினியன் ஏறிவிட்டது. அதன் இறுக்கம் சரியா என்று பார்க்க மாமா ஒரு கயிற்றைச் சுற்றி, காய்கறி நிறுக்கிற கொக்கித் தராசை மாட்டி இழுத்தார். அவள் கையேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சரி என்றாள். அவளுக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. கை முழுக்கக் கிரீஸ், முழங்கையில் சிராய்ப்பு, முதுகில் மண். இன்டர்வியூவில் சிரித்த அந்த மூன்று பேரும் இப்போது வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பூட்டுவதற்கு முன்னால் சாமான்களைக் கழுவ வேண்டும். மாமா பேசினில் டீசல் ஊற்றி வைத்துவிட்டு, கிரவுனைப் பேரிங்கோடு தூக்கி வர உள்ளே போனார். டீசல் பிசுக்கு விடும், பெட்ரோல்தான் பளிச்சென்று ஆக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. டீசலைக் கொட்டிவிட்டு கேனிலிருந்து பெட்ரோலை ஊற்றினாள். போல்ட், வாஷர், கேப் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தாள். பேசினில் மெல்லிய ஊதாப் புகை மாதிரி ஏதோ சுழன்று கரைந்தது. அது என்ன என்று புரிந்தபோது இரண்டு கேப்பும் அவள் இரண்டு கையிலும் புத்தம்புதிதாக மின்னின. இடது இல்லை. வலது இல்லை. கோடு கூட இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க மாட்டார். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, நகத்தால் தடவிப் பார்த்து, பத்து நிமிடத்தில் எது எது என்று கண்டுபிடித்திருப்பார். ஆனால் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னங்க இன்ஜினியரம்மா, வண்டி பறக்குமா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போயிருந்தார். முதல் நாள்தான் சுத்தியலை இறக்கி வைக்கச் சொன்ன வாய் இது. அந்த வாயால் மை அழிந்துபோச்சு மாமா என்று சொல்ல அவளால் முடியவில்லை.

ஒன்றை இடது பக்கம் வைத்தாள். இன்னொன்றை வலது பக்கம். பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மாமா கேப்பைப் பொருத்திக் கை இறுக்கமாகப் போல்ட்டை முறுக்கினார். பிறகு கேப்பும் அச்சும் சேருகிற இடத்தில் வழக்கம்போல் நகத்தை ஓட்டினார். நகம் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றது. வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார்.

"பாப்பா, இது இடதுதானே?"

"ஆமா மாமா."

"லேசா தட்டுற மாதிரி இருக்கு."

"எழுதினதைப் பார்த்துத்தான் வச்சேன்."

அவ்வளவுதான். மாமா தலையாட்டினார். போல்ட்டை முழு இறுக்கம் கொடுத்தார். பல் சரியாகக் கடிக்கிறதா என்று கிரவுன் பல்லில் நீலப் பசை தடவிச் சுற்றிப் பார்த்ததில் தடம் பல்லின் நடுவில் அழகாக விழுந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. சரியாகத்தான் வைத்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தடம் சரியாக விழுவதற்கும் கேப் மாறியிருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதையும் பரீட்சையில் எழுதியிருக்கிறாள்.

திங்கட்கிழமை வண்டி சத்தமே இல்லாமல் போனது. அம்மா ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினாள். என் பொண்ணு பூட்டின வண்டி என்று மூன்று நோயாளிகளிடமும் சொல்லியிருக்கிறாள். தம்பியும் கூட இருந்தான் என்று பிறகு சேர்த்துக்கொண்டாளாம்.

மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை, பாலத்தின் நடுவே, பின்னால் ஒரு சத்தம். தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி என்று அம்மா சொன்னாள். பின் சக்கரம் இரண்டும் இறுகி, வண்டி கோணிக்கொண்டு நின்றுவிட்டது. மற்ற இருவரையும் முதலிலேயே ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்திருந்ததால் உள்ளே வாத்தியாரம்மா மட்டும்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேறு வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் அவருடைய மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்கு வருவதற்குள் வாத்தியாரம்மாவுக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து மூச்சு முட்டியது. இரண்டு நாள் தீவிரச் சிகிச்சையில் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் முன்பு கம்பு இல்லாமல் நடந்தவர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

வண்டியை இழுத்துவர அன்றைக்குப் பாலத்துக்கு வொர்க்‌ஷாப் முதலாளியே வந்தார். பின் அச்சில் கையை வைத்துவிட்டுச் சடாரென்று எடுத்தார். எண்ணெய் கருகிய நாற்றம் பாலம் முழுக்க வந்தது. மாமா பின்னாலேயே ஓடி வந்து மழையில் நின்றார். அம்மா நேராக அவரிடம் போனாள்.

"எட்டாவது தாண்டாத கையை நம்பி மூணு உசுரை ஏத்துனேன் பாரு, என்னைச் சொல்லணும். எம் பொண்ணு புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு நின்னா. அவளைக் கேட்டுச் செஞ்சியாடா நீ? நகத்தை வச்சுத் தடவித் தடவி அந்தப் பொம்பளையைக் கொல்லப் பார்த்தியே."

மாமா ஒரே ஒரு தடவை, அம்மாவுக்குப் பின்னால் குடையோடு நின்ற அவளைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. ஏதோ கேட்க நினைத்து மறந்துபோன மாதிரி ஒரு பார்வை. அவள் குனிந்து குடையை மடக்கினாள். மழை இன்னும் விடவில்லை, அப்படியும் மடக்கினாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. நாலு வாடிக்கையாளர் காதுக்கு விஷயம் போய்விட்டது, என்ன செய்வது என்றார். கொஞ்ச நாளைக்கு நீ அச்சு, கியர் பக்கம் வர வேண்டாம், டயரைப் பார்த்துக்கொள் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் கழித்து மாமா பஞ்சர் ஒட்டப் போனார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதும் நின்றது. அந்த வொர்க்‌ஷாப் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அம்மா வண்டியை வீட்டு முத்தத்திலேயே நிறுத்திவிட்டாள். அச்சுக்குள் என்ன நடந்தது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது அல்லவா?

அவள் ஒரு முறை பஸ்ஸில் போகும்போது பார்த்தாள். மாமா தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்றடித்த டியூபை முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளை தண்ணீரில் விளையாடுவது போல இருந்தது. அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

வண்டி நின்ற நாளிலிருந்து எதைத் தின்றாலும் பெட்ரோல் வாடை. அம்மா தினமும் வேறொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு வாத்தியாரம்மாவைப் பார்க்கப் போய் வந்தாள். வந்து சொல்லுவாள். இன்றைக்கு இரண்டு வாய் சாப்பிட்டாங்க. இன்றைக்கு உன்னைக் கேட்டாங்க, வேலை கிடைச்சுதான்னு. சொல்லிவிட்டு, கடைசியில் தம்பியைத் திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு அழுவாள். அழுவது வாத்தியாரம்மாவுக்காகவா தம்பிக்காகவா என்று அம்மாவுக்கே தெரியாது. இவள் கண்ணெதிரே இது பன்னிரண்டு நாள் நடந்தது. பதின்மூன்றாம் நாள், அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வாசல்படியில் நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, கேப்பை மாத்தி வச்சது நான். மை அழிஞ்சுபோச்சு. மாமா கேட்டாரு. நான் பொய் சொன்னேன்."

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. "உனக்கு மாமான்னா உசுரு. தெரியும்."

"நெஜமாத்தான்மா சொல்றேன்."

"அவன் அனுப்பினானா உன்னை?"

"அவரு என்கிட்ட பேசியே பதிமூணு நாளாச்சு."

"அப்ப நீயா அவனைக் காப்பாத்தப் பாக்குற. பாரு, தப்பு பண்ணவனுக்காகப் பழியைத் தலைல தூக்கிப் போட்டுக்காத. நாளைக்கு வேலைக்குப் போற பொண்ணு." அம்மா கத்தியை வைத்துவிட்டு முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவளுக்கு இடது எது வலது எதுன்னா தெரியாது?"

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை அழுகையும் வரவில்லை. சுவரில் கண்ணாடிக்குள் பட்டம் தொங்கியது. அதைக் கழற்றி உடைத்தால்கூட அம்மா கண்ணாடித் துண்டைப் பொறுக்கிவிட்டுப் பட்டத்தைத் திரும்ப மாட்டுவாள். இத்தனை மாதம் அந்தக் காகிதம் தனக்கு ஒரு கதவையும் திறக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அது ஒரு கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. எட்டாவது படித்தவன் தப்பு செய்வான், பட்டம் வாங்கியவள் செய்ய மாட்டாள். அம்மாவுக்கு உலகம் இப்படி இருந்தால்தான் அந்த நாலு வருடமும் வீணாகாமல் இருக்கும்.

மறுநாள் காலையிலேயே அவள் வண்டியைத் தனியாக ஜாக்கி வைத்துத் தூக்கினாள். மாமா எடுத்துப்போக வராத சாமான்கள் முத்தத்து ஓரம் அப்படியே கிடந்தன. ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, தண்டுகளை உருவி, மூடியைத் திறந்தாள். ஒரு பக்கத்துப் பேரிங் நொறுங்கிச் சேறாகியிருந்தது. புதுக் கிரவுனின் பல் நாலு போயிருந்தது. ஒவ்வொரு போல்ட்டாக இளக்கிக் கிரவுனை நெம்பினாள். கனம் தாங்காமல் அது அவள் மார்பில் வந்து விழப்போன சமயத்தில் இரண்டு கைகள் வந்து பிடித்தன. அம்மா. எப்போது வந்து குந்தினாள் என்று தெரியவில்லை.

"கை போயிரும்டி. என்னதான் பண்ணுற?"

இரண்டு பேருமாக அதை வெளியே இழுத்துப் போட்டார்கள். அவள் பேரிங் இல்லாத வெறும் அச்சில் கேப்புகளை மட்டும், இருந்தது இருந்தபடியே பூட்டினாள்.

"உள்ள வாம்மா."

"எங்க?"

"வண்டிக்கு அடியில."

பதினான்கு வருடமாக ஓட்டுகிறாள், அம்மா ஒரு தடவை கூட அந்த வண்டிக்கு அடியில் போனதில்லை. சேலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, சாக்கில் படுத்து, முனகிக்கொண்டே நகர்ந்து வந்தாள். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள். அவள் அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அரைவட்டத்துக்குள் கொண்டுபோய், நகத்தைக் கேப் சேருகிற கோட்டின் மேல் ஓட்டினாள். பாத்திரம் தேய்த்து விளிம்பு உடைந்த நகம்.

"என்ன தெரியுது?"

"என்னமோ தட்டுது."

கேப்புகளைக் கழற்றினாள். இடம் மாற்றினாள். பூட்டினாள். அம்மாவின் விரலை மறுபடி எடுத்தாள். விரல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போனது. அம்மா தானாகவே இன்னொரு தடவை ஓட்டினாள். மூன்றாவது தடவையும்.

"இப்ப?"

எங்கோ அச்சிலிருந்து எண்ணெய் சொட்டுகிற சத்தம்.

"இப்ப தட்டல," என்றாள் அம்மா. பிறகு விரலை எடுக்காமலே, "அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, எல்லாத்துக்கும் எந்தம்பிதான் காரணம்னு சொன்னேன்டி," என்றாள்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா நகர்ந்து வெளியே போய், கால் கழுவி, உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் கழித்து வெங்காயம் கருகுகிற வாடை வந்தது.

வொர்க்‌ஷாப்பில் மறுநாள் முதலாளி, பெயின்டர், இன்னும் இரண்டு மெக்கானிக், காத்திருந்த ஒரு வண்டிக்காரர், எல்லோரும் இருக்கும்போதுதான் அவள் சொன்னாள். மார்க்கர், பெட்ரோல், பொய், மூன்றையும் வரிசையாகச் சொன்னாள். யாரோ, "படிச்ச படிப்பு" என்று முணுமுணுத்துச் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு நியாயமானது.

மாமா தொட்டியிலிருந்து ஈரக் கையோடு எழுந்து வந்தார். "நகம் தட்டுச்சு," என்றார் முதலாளியிடம். "தட்டினப்புறமும் பூட்டுனது நான்தான். பாப்பா மேல எதுக்கு?"

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதைத்தான் நானும் கேக்குறேன். சந்தேகம் வந்துச்சுல்ல? மெக்கானிக் நீயா, அவளா?" என்றார். சரி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குத் திரும்பினார். மாமாவும் தொட்டிக்கே திரும்பிப் போனார். உண்மையைச் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். உண்மைக்கு அவ்வளவு தெம்பு இல்லை. தெருவில் போய் நின்றபோதுதான், மாமாவைக் காப்பாற்றுவதாக நினைத்து இன்னொரு முறை எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்துவிட்டோம் என்று உறைத்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா தானே போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியில் இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. மாமா சாப்பிட்டார். மறுபடி வாங்கி வைத்திருந்த புது ஜோடிக் கிரவுனையும் பினியனையும் பொட்டலம் பிரித்துப் பார்த்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போனார். அவள் பேசினில் டீசல் ஊற்றி வைத்தாள். கையேடு சுவரிலேயே, மழையில் நனைந்து, எழுத்து ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா கேப்பை வைத்து, நகத்தை ஓட்டி, கழற்றி, மாற்றி வைத்து, மறுபடி ஓட்டினார். இதுதான் இடது என்று முடிவானதும் பெட்டியைத் துழாவி உளியையும் சுத்தியலையும் எடுத்தார். முனையைக் கேப்பின் விளிம்பில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கியவர் அடிக்கவில்லை. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"பாப்பா, இப்ப பொட்டு வைக்கலாமா? கிராக் ஒண்ணும் ஓடிராதுல்ல?"

குத்திக் காட்டுகிறாரா என்று அவள் அந்த முகத்தைத் தேடிப் பார்த்தாள். கண், வாய், எண்ணெய் அப்பிய புருவம், எல்லா இடத்திலும் தேடினாள். இல்லை. அவருக்குத் தெரியவில்லை, தெரிந்தவளைக் கேட்கிறார், அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தாள். மாமா அவசரப்படவில்லை. அவள் சொல்லுகிறவரைக்கும் சுத்தியலை ஓங்கியபடியே பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.